கஃபார் சந்தையில் ஒரு பிற்பகல்

தில்லித் தமிழர்களுக்குக் கரோல்பாக்கைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. நம்மவர்களில் பலருக்குத் தலைநகர வாழ்க்கையின் முதல் அத்தியாயம் அந்தப் பேட்டையிலேதான் தொடங்கிற்று. ஆயினும் இவ்விதழ் தில்லிக்கு வெளியேயும் பல குடும்பங்களின் கைக்குச் செல்கிறது. மேலும், அங்கே சென்ற மாதம் நாங்கள் கழித்த ஒரு பிற்பகல், இந்நாளில் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கின்ற ஒரு பொருளைப் பற்றிச் சிலவற்றை எங்களுக்குக் கற்பித்தது. ஆகவே எழுதத் துணிந்தோம்.

புறப்பட்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் அம்மையார் விழுப்புரம் பக்கத்தைச் சேர்ந்தவர். 2025 ஜூன் மாதம் ஜங்புராவில் இருந்த மதராசி முகாம் இடிக்கப்பட்டபோது, நரேலாவுக்குக் குடிபோன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவர் மகள் பதினோராம் வகுப்பு மாணவி. பழைய பள்ளியை விட மனமில்லாமல், நாள்தோறும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்து படிக்கிறாள். மாலை இருட்டிய பிறகே வீடு சேருகிறாள். "பிள்ளை எந்த பஸ்ஸில் இருக்கிறாள் என்று தெரியாமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், அம்மா" என்று அந்தத் தாய் ஒருநாள் கண்கலங்கினார்.

எங்கள் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கைப்பேசி கிடந்தது. 2017ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. சீனக் கம்பெனி ஒன்றின் சரக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் ஆலோசனை கேட்டோம். "கஃபார் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் புதிய மென்பொருளை ஏற்றச் சொல்லுங்கள், அப்பா. பாட்டரியையும் மாற்றிவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும்" என்றான். அந்தப் பெண்ணுக்கு உதவியாகும், எங்களுக்கும் செலவு குறையும் என்று மகிழ்ந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் யமுனையைக் கடந்து, நகரத்தின் நடுவே புகுந்து, கரோல்பாக் வரையில் மாறாமல் செல்லலாம். ஜண்டேவாலானைத் தாண்டியதும் நூற்றெட்டு அடி உயரமுள்ள அனுமார் வானளாவி நிற்கும் காட்சி கண்ணில் படும். அவரைக் கண்டதும் இறங்குவதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது அவ்வழியே போகிறவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு.

எங்கள் தந்தையார் 1963இல் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடி அறை ஒன்றில், குடியேறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மா கும்பகோணத்தை அடுத்த கிராமத்திலிருந்து, ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளைக் காப்பி வடிகட்டியுமாக வந்து சேர்ந்தார். கோடையில் கட்டாந்தரையில் தண்ணீர் தெளித்துப் படுப்பதும், பனிக்காலத்தில் கரி அடுப்பைச் சுற்றி உட்காருவதுமாக அவர்கள் இல்லறம் நடந்தது. வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கிளை மாடிவரை எட்டும். முதல் வருஷப் புத்தாண்டுப் பச்சடிக்கு அம்மா கையை நீட்டியே வேப்பம்பூப் பறித்தாராம். தந்தையார் ஓய்வு பெற்றதும் இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். தந்தையார் 2009இலும், அம்மா 2021இலும் மறைந்தார்கள். அம்மா எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார். இருந்தாலும் இருவருக்கும் அம்மாவே.

நிலையத்தை விட்டு இறங்கியதும் அந்தப் பழைய தெருவைப் பார்க்கலாமா என்ற எண்ணம் எழாமல் இல்லை. 'வந்த காரியம் முதலில் முடியட்டும்' என்று சந்தையை நோக்கி நடந்தோம்.

எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கியது இச்சந்தை. தேசப் பிரிவினையின்போது உடைமையை இழந்து வந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கடை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. வேரிழந்தவர்கள் வளர்த்த சந்தை என்பதனாலோ என்னவோ, காலம் எதைக் கேட்கிறதோ அதை முதலில் கொண்டுவந்து வைக்கும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் என்றால் கஃபார் மார்க்கெட்தான். அம்மா அங்கே ஜப்பான் தேசத்து டிரான்சிஸ்டர் ஒன்றைத் தந்தையாருக்குத் தெரியாமல் வாங்கி, அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்த கதையை எங்கள் வீட்டில் சொல்லாத தீபாவளி இல்லை. ரசீது கேட்டால் கடைக்காரர் சிரிப்பாராம்.

இன்று டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. சந்துக்குள் நுழைந்தால் இரு மருங்கிலும் உறைகளும், கண்ணாடித் தாள்களும், மின்னூட்டும் கம்பிகளும் தோரணம் தோரணமாகத் தொங்குகின்றன. "ஸ்கிரீன்? பாட்டரி?" என்று ஒவ்வொரு கடை வாயிலிலும் ஒருவர் வழிமறிக்கிறார். ஒரு முழ அகல மேசை, அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, வெப்பக் காற்று ஊதும் கருவி, சிறு திருகாணிகள் நிறைந்த டப்பாக்கள். இவ்வளவே ஒரு பட்டறை. திறந்து கிடக்கும் கைப்பேசிகளைப் பார்த்தால் அவற்றில் மிகப் பல சீனக் கம்பெனிகளின் சரக்காகவே காணப்படுகின்றன. ஷியோமி, ஒப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் ஆகிய பெயர்களை நம் வீட்டுச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயரைப் போல ஒப்புவிப்பார்கள்.

இந்தப் பெயர்கள் நம் நாட்டில் வேரூன்றியது சமீப காலத்தில்தான். ஷியோமி கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 2014 ஜூலையில். அவ்வருஷமே அது ரெட்மி 1எஸ் என்ற கைப்பேசியை 5,999 ரூபாய்க்கு விற்றது. கடையில் அல்ல, இணையத்தில், குறித்த நாளில், குறித்த நேரத்தில். விற்பனை தொடங்கிய சில நொடிகளில் சரக்கு தீர்ந்துவிடும். தீபாவளிக்கு ஊர்போக ரயில் டிக்கெட் எடுக்கும் வேகத்தில் நம் பிள்ளைகள் கணினி முன் காத்திருந்ததை நாங்கள் கண்டதுண்டு. 2015 ஆகஸ்டில் அக்கம்பெனி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில், நம் தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, கைப்பேசிகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கிற்று. 2018 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூரில் மின்சுற்றுப் பலகைகள் பொருத்தும் ஆலையையும் அறிவித்தது. சீனப் பெயர் தாங்கிய பொருளில் நம்மூர்ப் பெண்களின் கைவேலையும் கலந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

விலை எப்படிக் குறைந்தது? மாயம் ஒன்றும் இல்லை. இணையத்தில் விற்றதனால் இடைத்தரகும் கடை வாடகையும் மிச்சமாயின. விளம்பரத்துக்குப் பதிலாக வாங்கியவர்களின் வாய்ச்சொல்லே வேலை செய்தது. இவற்றிற்கு மேல் ஒரு காரணம் உண்டு. பொருள்களை விற்பதில் தங்கள் நிகர லாபம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாது என்று அக்கம்பெனியின் தலைவர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில் உறுதி கூறினார். பண்டத்தில் லாபம் சொற்பமானால் வேறெங்கோ வருமானம் வரத்தான் வேண்டும் அன்றோ? அந்த இடம்தான் மென்பொருள். இந்தக் கைப்பேசிகளின் கவர்ச்சியில் பாதி அதில் இருக்கிறது. தொல்லையிலும் பாதி அதில்தான் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஓர் உவமை சொல்ல விரும்புகிறோம். கூகுள் தரும் ஆண்ட்ராய்டு என்பது அடித்தளமும் சுவரும் மட்டும் எழுப்பிய வீடு. அதன் மூல நிரலை எவரும் எடுத்துத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். சீனாவில் கூகுளின் சேவைகள் கிடையா. ஆகவே அந்நாட்டுக் கம்பெனிகள் கதவு, ஜன்னல், சமையலறை, பூஜை அறை யாவற்றையும் தாமே கட்டவேண்டியதாயிற்று. செயலிகளை இறக்கும் கடை, செய்திப் பெட்டி, படங்களைச் சேமிக்கும் இடம், தொலைபேசி அழைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த வேலைப்பாடு செய்தார்கள். ஒப்போவுக்குக் கலர்ஓஎஸ், ஷியோமிக்கு மியூஐ என்று பெயர்கள் பிறந்தன.

மியூஐயின் பிறப்பு சுவையானது. 2010 ஏப்ரலில் தொடங்கிய அக்கம்பெனி, அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த மென்பொருளைத்தான் முதலில் வெளியிட்டது. சொந்தக் கைப்பேசியை அறிவித்தது அதற்கு ஓராண்டு கழித்து. அதாவது, பிறருடைய கைப்பேசிகளில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருளாகவே அது பிறந்தது. முதலில் சோதித்துப் பார்க்க முன்வந்தவர்கள் நூறு பேர் என்று கம்பெனியே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறையைச் சொல்ல, வாரந்தோறும் வெள்ளிக்கிழமை திருத்திய பதிப்பு வெளியாகும். வாங்குகிறவன் சொல்லைக் கேட்டு மறு வாரமே பொருளைத் திருத்தித் தருகின்ற கம்பெனியை அதற்கு முன் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? விலையைக் கண்டு வந்தவர்களை நிறுத்தி வைத்தது இந்தச் செவிகொடுத்தல்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதன் பயன்களும் மெய்யானவை. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒரே கைப்பேசியில் இரண்டு வாட்ஸப் கணக்குகளை நடத்தலாம். ஊருக்கு ஓர் எண், அலுவலகத்துக்கு ஓர் எண் என்று வாழும் நமக்கு அது பெரிய சௌகரியம். குழந்தைகள் திறக்கக்கூடாத செயலிகளுக்குத் தனிப் பூட்டுப் போடலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். எல்லாவற்றையும் தமிழிலே படிக்கலாம். பேசுவதைத் தானே பதிவு செய்து வைக்கும் வசதியும் அக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் உள்ளேயே அமைந்திருந்தது. இந்தக் கடைசி வசதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நாங்கள் போய் நின்ற மேசைக்கு உரியவர் இருபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஓர் இளைஞர். பீகாரில் தர்பங்காவிலிருந்து வந்தவர். எங்கள் கைப்பேசியை வாங்கிப் புரட்டிப் பார்த்ததும் பழைய சிநேகிதனைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார். "நல்ல மாடல், அங்கிள்ஜி. இதை அடித்தாலும் சாகாது" என்று ஹிந்தியில் சொன்னார். முதுகைத் திறந்து பாட்டரியைக் காட்டினார். அது மழையில் நனைந்த புத்தகம்போல உப்பியிருந்தது. "இதனுடன் வீட்டில் வைத்திருந்தீர்களா? அபாயம்" என்று எச்சரித்து, புதிய பாட்டரியைப் பொருத்தினார்.

திரை ஒளிர்ந்தது. மென்பொருளின் விவரத்தைப் பார்த்து அவர் சொன்னது எங்களுக்குப் புதிய செய்தி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதிப்புகள் வந்தனவே, எனவே எல்லாம் புதுப்பிக்கப்பட்டன என்று நாங்கள் எண்ணியிருந்தோம். புதுப்பித்தவை மேற்பூச்சுதானாம். அடியில் இருந்த ஆண்ட்ராய்டு 2017இல் இருந்த நிலையிலேயே நின்றுவிட்டது. வருஷந்தோறும் வெள்ளையடித்தார்கள், அடித்தளத்தை எவரும் தொடவில்லை. அதனால்தான் எங்கள் வங்கியின் செயலி ஒருநாள் திடீரென்று திறக்க மறுத்தது.

"வேறு மென்பொருள் ஏற்றினால்?" என்று கேட்டோம். முடியும் என்றார். மூல நிரல் திறந்து கிடப்பதனால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சம்பளம் எதிர்பாராமல் பழைய கைப்பேசிகளுக்குப் புதிய ஆண்ட்ராய்டைத் தைத்துக் கொடுக்கிறார்கள். சயனோஜென்மாட் என்று 2009இல் தொடங்கிய அம்முயற்சி 2016இன் இறுதியில் நின்றபோது, லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் மீண்டும் தளிர்த்தது. 2014இல் ஒன்பிளஸ் கம்பெனியின் முதல் கைப்பேசியே சயனோஜென் மென்பொருளுடன்தான் நம் நாட்டுக்கு வந்தது. கைவிடப்பட்ட கருவிக்கு உயிர் கொடுக்கும் அத்தொண்டு போற்றத்தக்கது.

ஆனால் இளைஞர் இரண்டு விரல்களை நீட்டினார். "இரண்டு விஷயம், அங்கிள்ஜி. முதலாவது, பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்கவேண்டும். கம்பெனியிடம் அனுமதி கேட்டுச் சில நாள் காத்திருக்கவேண்டும். திறந்த பிறகு, பல வங்கிச் செயலிகள் இந்தக் கைப்பேசியை நம்பாது. வேலை செய்ய மறுக்கும். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்றார். அந்த அம்மையாருக்குச் சம்பளம் செல்வதே கைப்பேசி வழியாகத்தான். தாயும் மகளும் அதை ஒன்றாகத்தானே பயன்படுத்துவார்கள்? எங்கள் சிக்கனத் திட்டம் அங்கேயே பாதி சரிந்தது.

"இரண்டாவது?"

"பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஒன்றும் மிஞ்சாது. வேண்டியது இருந்தால் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்."

படங்களை எல்லாம் எப்போதோ கணினிக்கு மாற்றிவிட்டோம், வேறொன்றும் இல்லை என்றோம். அவர் விடவில்லை. "எல்லோரும் இப்படித்தான் சொல்லுவார்கள். பிறகு அழுதுகொண்டு வருவார்கள்" என்று சொல்லி, உள்ளே இருந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஓர் அடுக்கில் நானூற்றுப் பதினோரு ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அழைத்தவர் பெயரும், எண்ணும், தேதியும், மணியும் வரிசையாக நின்றன. எலெக்ட்ரீஷியன், காஸ் ஏஜென்சி, டாக்டர். அடுத்து, 'அம்மா ஊர்'. மறுபடியும் 'அம்மா ஊர்'.

கைப்பேசி வாங்கிய புதிதில் எங்கள் மகன் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தபோது, அழைப்புகள் தாமே பதிவாகும்படி விட்டிருக்கிறான். அவனுக்கும் அது மறந்துபோயிற்று. எங்களுக்கோ தெரியவே தெரியாது. நான்கு ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் காலையில் ஊரிலிருந்து வந்த குரல் ஓசைப்படாமல் அதற்குள்ளே சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இளைஞர் எங்களைக் கேளாமலே ஒன்றைத் தொட்டுவிட்டார். சந்தையின் இரைச்சலுக்கு நடுவே அம்மா பேசினார்.

"குளிரு வந்துருச்சா அங்க? ஸ்வெட்டரையெல்லாம் வெயில்ல காயவச்சு எடுத்தீங்களா? கரோல்பாக் பக்கம் போனீங்களா? அந்த வேப்பமரம் இருக்குதான்னு பாத்துச் சொல்லுன்னு எத்தனை தடவை சொல்றேன்..."

அதற்கு எங்கள் குரல் விடை சொல்லிற்று: "எங்கேம்மா நேரம் இருக்கு? அடுத்த வாரம் பார்க்கிறோம்."

தேதியைப் பார்த்தோம். 2018 நவம்பர். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் அம்மா இருந்தார். அடுத்த வாரம் என்பது வரவே இல்லை.

எங்கள் முகத்தைக் கண்ட இளைஞர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டுத் தேநீர் வரவழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் யாருடையது என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, சரியாக ஒலிக்கின்றனவா என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சோதித்த பிறகே எங்கள் கையில் கொடுத்தார். பாட்டரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். "என் தாயும் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள்" என்றார்.

திரும்பும் வழியில் அந்தப் பழைய தெருவுக்குப் போனோம். வீடு இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி விடுதி ஒன்று நிற்கிறது. வேப்பமரம் இருக்கிறது. மின்கம்பிகளுக்கு இடம்விட்டு ஒரு பக்கக் கிளைகளை வெட்டியிருக்கிறார்கள். மறுபக்கம் செழித்து இரண்டாம் மாடியைத் தாண்டியிருக்கிறது. சிறிது நேரம் அதன் கீழ் நின்றுவிட்டு வந்தோம்.

அன்றிரவு அம்மாவின் பதிவுகளைத் தனியே பிரித்தோம். அறுபத்து மூன்று இருந்தன. மகனுக்கும், அம்மாவின் தம்பிக்கும், ஊரில் இருக்கும் தங்கைக்கும் பிரதிகள் அனுப்பினோம். மீதமிருந்த முந்நூற்று நாற்பத்தெட்டை என்ன செய்வது? அவற்றில் ஒரு நண்பர் தம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுதிருந்தார். இன்னொருவர் தம் நோயைப் பற்றிப் பேசியிருந்தார். எங்களை நம்பி ஒருவரிடம் சொன்ன சொற்கள். பதிவாகின்றன என்று அவர்களும் அறியார், நாங்களும் அறியோம். அம்மாவின் குரலைக் காத்துத் தந்த அதே வசதி பிறருடைய அந்தரங்கத்தைக் கேளாமலே கவர்ந்து வைத்திருந்தது. அவற்றை அழித்துவிட்டோம். பின்னர் வந்த கைப்பேசிகள் பலவற்றில் கூகுளின் அழைப்புச் செயலி இடம்பெற்று, பதிவு தொடங்கும்போதே இருவர் காதிலும் விழும்படி அறிவிக்கிறது. நாங்கள் பெற்ற பேறு இனிப் பிறருக்குத் தற்செயலாகக் கிட்டாது. ஆயினும் அவ்வறிவிப்பே நியாயம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெண்ணுக்குக் கைப்பேசி வேண்டுமே! மறுவாரம் ரசீது கொடுக்கும் கடைக்குச் சென்று, ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில் புதிய கைப்பேசி ஒன்றை வாங்கினோம். அதுவும் ஒரு சீனக் கம்பெனியின் சரக்குதான். பாதுகாப்புப் பதிப்புகள் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே பணம் கொடுத்தோம். பெட்டியைத் திறந்ததும் கேளாத செயலிகள் பத்துப் பன்னிரண்டு உள்ளே வீற்றிருந்தன. படம் பார்க்கப் போனால் விளம்பரம். கோப்பைத் தேடப் போனால் விளம்பரம். குறைந்த விலையின் மீதிப் பணத்தை நாம் நம் கண்களால் தவணை கட்டுகிறோம் என்பது அப்போது நன்கு விளங்கிற்று.

ஆனால் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளும் உள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து, அந்தப் பெண்ணும் நாங்களும் அமைப்புகளுக்குள் புகுந்து ஒவ்வொரு செயலியிலும் 'பரிந்துரைகள்' என்றிருந்ததை அணைத்தோம். எந்தச் செயலிக்கு ஒலிவாங்கி, எதற்கு இருப்பிடம், எதற்கு முகவரிப் புத்தகம் என்று பார்த்துத் தேவையற்ற அனுமதிகளை விலக்கினோம். ஷியோமி கைப்பேசி உள்ளவர்கள், அனுமதிகளை ரத்து செய்யும் பகுதியில் 'எம்எஸ்ஏ' என்று ஒன்றைக் காண்பார்கள். விளம்பரங்களைக் கொண்டுவரும் பகுதி அதுவே. அதனை விலக்க முதல் முறை இயலாவிட்டால் மீண்டும் மீண்டும் முயலவேண்டும். இரண்டு மணி நேரத்தில் கைப்பேசி அமைதியாயிற்று. பிறகு அவள் மொழியைத் தமிழுக்கு மாற்றித் தன் தாயிடம் காட்டினாள். அம்மையார் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டிப் படித்தார். இருப்பிடத்தைப் பகிரும் வகையையும் அவருக்குக் கற்றுக் கொடுத்தோம். இப்போது மாலையில் மகள் வரும் பஸ் எங்கே ஊர்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு உலை வைக்கிறாராம்.

சீனப் பொருள்களை வாங்கலாமா என்ற கேள்வி நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் மாண்டபின், 2020 ஜூன் 29 அன்று அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. ஷியோமியின் பயனாளர்கள் கூடிப் பேசிவந்த செயலியும் அவற்றுள் ஒன்று. தடைபட்டவற்றை நீக்கிய புதிய பதிப்பை அக்கம்பெனி பின்னர் வெளியிட்டது. 2023 அக்டோபரில் மியூஐ என்ற பெயருக்கும் விடைகொடுத்து, ஹைப்பர்ஓஎஸ் என்ற புதிய மென்பொருளை அறிவித்தது. தேசத்தின் பாதுகாப்பை ஆராய்வது அரசின் கடமை. ஆனால் எந்நாட்டுப் பொருளாயினும், நம் வீட்டுக்குள் வருவதை ஆராய்வது நம் கடமை. வசதி குறைந்த குடும்பத்துப் பெண்ணின் கையில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு உலகத்தை வைத்த திறமையை நாங்கள் மெச்சுகிறோம். வாங்குகிறவன் சொல்லைக் கேட்டு வளர்ந்த மென்பொருள், வாங்கியவனைக் கேளாமல் விளம்பரம் காட்டலாகாது என்றும் சொல்லுகிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இழுப்பறையிலும் பழைய கைப்பேசி ஒன்று இருக்கக்கூடும். அதை விற்கும் முன்பும், பூட்டைத் திறக்கும் முன்பும், குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கும் முன்பும், ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பாருங்கள். பாட்டரி உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். ஊரில் பெற்றோர் இருப்பவர்கள், அவர்கள் கேட்கும் சிறு செய்தியை அந்த வாரமே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பழைய கைப்பேசிக்குப் புதிய மென்பொருள் ஏற்றவில்லை. அது இப்போது இழுப்பறையில் இல்லை. கூடத்து அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை மின்னூட்டி வைக்கிறோம்.